நல்ல மனுஷர்தான், ஆனால் கையெழுத்து யாருடையது?

வேலந்தாவளத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது: "ஒரு தலைவரை மக்களுக்குப் பிடித்துவிட்டால் அவர் ஆட்சியில் நடக்கிற தப்புக்கு அவரை யாரும் குறை சொல்வதில்லை. அதே தப்பை வேறொருவர் செய்தால் விடுவதும் இல்லை. ஏன் இப்படி? இதை மாற்ற வழி உண்டா?"

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ், வில்லேஜ் ஆபீசில் பேசுவது மலையாளம். டிவியில் சென்னைச் செய்தியும் ஓடும், திருவனந்தபுரம் செய்தியும் ஓடும். ஓட்டு இங்கே, மனசு பாதி அங்கே. அதனால் இரண்டு பக்கத்துத் தலைவர்களையும் நெருக்கமாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் கேள்வி என்னையும் பல வருடமாகப் படுத்தியிருக்கிறது.

பிடித்த தலைவரின் ஆட்சியில் நடக்கிற தப்பு மக்களுக்குத் தெரியாமல் இல்லை. விலை ஏறினால் தெரியும், தண்ணீர் வராவிட்டால் தெரியும். அந்தத் தப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பிடித்தம் வேலை செய்கிறது. "அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க", "சுத்தி இருக்கறவங்க சரியில்ல", "கட்சி அவர செய்ய விடல". டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வரும். கோபம் அப்படியே இருக்கும், அமைச்சர் மேலோ அதிகாரி மேலோ கட்சி மேலோ போய் இறங்கும். தலைவர் தப்பித்துக்கொள்வார்.

எம்.ஜி.ஆரில் தொடங்குகிறேன், எங்களுக்கு அவர் ரொம்பப் பக்கம். அவருடைய தாயார் சத்தியபாமா வழி வீடு இங்கிருந்து கொல்லங்கோடு போகிற பக்கம் வடவன்னூரில் இருக்கிறது. நீண்ட காலம் அங்கன்வாடியாக நடந்த அந்த வீடு இப்போது நினைவில்லம். 1982 ஜூலையில் அவர் விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தட்டில் சோறு விழுந்தது. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் அதே ஆட்சி 1981இல் மதுவிலக்கைத் தளர்த்தி சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானதும் அவர் முதல்வராக இருந்தபோதுதான். திரையில் குடிக்கு எதிராகப் பாடியவர், தாய்மார்களின் பிள்ளை என்று பெயர் எடுத்தவர். கூலிப்பணம் கடையில் போய் முடிகிற வீட்டுப் பெண்கள்தான் அவருக்கு மிகவும் விசுவாசமான வாக்காளர்கள். அவர்கள் கடைக்காரரைத் திட்டினார்கள், குத்தகைக்காரரைத் திட்டினார்கள், கட்டின புருஷனைத் திட்டினார்கள். கடை திறக்க உத்தரவு போட்டது யார் அரசு என்ற கேள்வி அந்த வரிசையில் கடைசி வரை வரவேயில்லை. 1987 ஜனவரி 1 முதல் கள், சாராயம் இரண்டையும் தடை செய்தபோது, அதற்கான நன்றி மட்டும் நேராக அவருக்கே போய்ச் சேர்ந்தது. நல்லதென்றால் அவர் செய்தது, கெட்டதென்றால் யாரோ செய்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தமிழ்நாட்டில் பலரே மறந்துவிட்டார்கள். 1979இல் எம்.ஜி.ஆர் அரசு, பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு வருடம் 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்தது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம், சிவகாசியும் கோபிச்செட்டிபாளையமும். தோல்வி வந்த கையோடு அவர் வரம்பை நீக்கினார், அதுமட்டுமல்ல, ஒதுக்கீட்டையே 31 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. சில மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். மக்களுக்கு அவர் மேல் இருந்த பிரியம் அந்த ஆறு மாதத்தில் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அது இருந்தபடியே இருந்தது. ஆனாலும் ஒரு முடிவுக்காக அவரையே பொறுப்பாக்கினார்கள், பிற்படுத்தப்பட்ட சமூகங்களுக்கு லாபம் கிடைத்தது. சாராயக்கடை விஷயத்தில் அது நடக்கவில்லை, ஆறு வருடம் வீடுகள் அழிந்தன. ஒரே தலைவர், ஒரே மக்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்டதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, மனசு ஏன் இப்படிச் செய்கிறது? 1977இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிஸ்பெட், வில்சன் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே ஆசிரியர், ஆங்கிலத்தை ஐரோப்பிய உச்சரிப்போடு பேசுகிறவர். ஒரு வீடியோவில் மாணவர்களிடம் அன்பாகப் பதில் சொல்கிறார், இன்னொன்றில் கடுகடுப்பாக. முதல் வீடியோ பார்த்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு அவர் தோற்றமும் நடையும் பிடித்திருந்தது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு உச்சரிப்பும் பிடித்திருந்தது. இரண்டாவதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே தோற்றமும் அதே உச்சரிப்பும் எரிச்சலாக இருந்தது. இதைவிட முக்கியம் அடுத்து வந்தது. "அவரைப் பிடித்ததனால் இப்படி மதிப்பிட்டீர்களா?" என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். பிடிக்காதவர்களில் பலர், அந்த உச்சரிப்பு சகிக்கவில்லை, அதனால்தான் ஆளையே பிடிக்கவில்லை என்று தலைகீழாகச் சொன்னார்கள். அதாவது பிடித்தம் தன் கண்ணை மாற்றியிருப்பது அந்த ஆளுக்கே தெரியாது. ரசிகரிடம் போய் "நீ கண்மூடித்தனமாக ஆதரிக்கிறாய்" என்றால் அவர் உண்மையாகவே புண்படுவது இதனால்தான்.

நம் ஊரில் இதன்மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, நன்றிக்கடன். கேரளத்தில் எம்.எல்.ஏ.வுக்குக் கல்யாண வீடும் மரண வீடும் பாதி வேலை. துக்க வீட்டுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து போனவரை அந்தக் குடும்பம் மறக்காது. விவசாயத் தொழிலாளி பென்ஷன் என்பது சட்டப்படி வர வேண்டிய பணம். ஆனால் தடைப்பட்டுக் கிடந்த பென்ஷனை ஒருவர் ஒரு போன் போட்டு வாங்கிக் கொடுத்தால், அது அவர் கொடுத்ததாகவே மனதில் பதிந்துவிடும். அப்புறம் அவரைக் குறை சொல்வது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுகிற மாதிரி ஆகிவிடுகிறது. உரிமை எப்போது உதவியாக மாறுகிறதோ அப்போதே விமர்சனம் நன்றிகெட்டதனமாக மாறிவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். ஏனென்றால் போன் போட ஆள் தேவைப்படுகிறவர்கள்தான் கேள்வி கேட்க வேண்டியவர்களும்.

இதற்கு நல்ல உதாரணம் கேரளத்தின் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி. 1970 முதல் 2023 ஜூலையில் இறக்கும்வரை புதுப்பள்ளி எம்.எல்.ஏ. முதல்வராக இருந்தபோது மாவட்டம் மாவட்டமாகப் போய், மைதானத்தில் நாள் முழுக்க நின்று, ஆயிரக்கணக்கான மனுக்களை நேரில் வாங்கி அங்கேயே முடிவு சொன்ன மனிதர். அந்த ஜனசம்பர்க்க நிகழ்ச்சிக்கு 2013இல் ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது. அப்போதே எதிர்க்கட்சிகள் ஒரு கேள்வி எழுப்பின: வில்லேஜ் ஆபீசும் தாலுகா ஆபீசும் செய்ய வேண்டியதை முதல்வர் மைதானத்தில் நின்று செய்கிறார் என்றால், அந்த ஆபீசுகள் வேலை செய்யாததற்கு யார் பொறுப்பு? நியாயமான கேள்வி, ஆனால் எடுபடவே இல்லை. மனு கொடுத்துத் திரும்பிய முதியவரின் முகத்தை டிவியில் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி கல்நெஞ்சாகத் தெரிந்தது.

அவர் பஹ்ரைன் போய் அந்த விருதை வாங்கிய அதே 2013 ஜூன் மாதத்தில்தான், சூரிய மின்சாரத் திட்டம் என்று சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றிய சோலார் மோசடி விவகாரம் வெடித்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் முதல்வர் அலுவலக ஊழியர்களின் போன்களில் தொடர்பில் இருந்தது வெளியே வந்தது. சாண்டி தனக்கென்று செல்போன் வைத்துக்கொண்டதில்லை. அருகில் இருப்பவர்களின் போனில்தான் பேசுவார். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்ற அந்தத் திறந்த கதவுதான் அவரை எல்லோருக்கும் பிடிக்க வைத்தது. மோசடிக்காரர்கள் உள்ளே வந்ததும் அதே கதவு வழியாகத்தான். ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். "பாவம், அவரை ஏமாத்திட்டாங்க" என்றார்கள் ஆதரவாளர்கள். 2016 தேர்தலில் அவர் கூட்டணி 47 இடத்துக்குச் சுருங்கியது, அவர் மட்டும் புதுப்பள்ளியில் 27,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு வாக்காளர் மனதில் ஆட்சிக்கு ஒரு கணக்கும் ஆளுக்கு ஒரு கணக்கும் தனித்தனியாக ஓடுவதை அந்த இரண்டு எண்களில் பார்க்கலாம்.

அவருக்கு நியாயம் செய்ய இதையும் சொல்லியாக வேண்டும். அந்த விவகாரத்தோடு சேர்ந்து அவர் மீது வந்த பாலியல் புகாரில் ஆதாரம் இல்லை என்று 2022 இறுதியில் சி.பி.ஐ. முடிவுக்கு வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் போக அவரது இறுதி ஊர்வலத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பிடித்தது, வழியெங்கும் அவ்வளவு ஜனம். அந்த அன்பு பொய்யில்லை. நல்ல மனிதரா என்பதற்கு அந்த ஊர்வலம் பதில் சொல்லிவிட்டது. முதல்வர் அலுவலகம் ஒழுங்காக நடந்ததா என்பது தனிக் கேள்வி, அதற்கு ஊர்வலம் பதிலாகாது.

பிரியம் என்றால் சிரித்த முகத்துக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 20 வருடம் மலம்புழை எம்.எல்.ஏ.வாக இருந்த வி.எஸ். அச்சுதானந்தனைப் பாருங்கள். வாளையாரும் கஞ்சிக்கோடும் அந்தத் தொகுதிதான், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. 1996இல் தன் மார்க்சிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த தேர்தலில் மாராரிக்குளத்தில் அவர் தோற்றார். அப்போது அவருக்கு இருந்த பெயர், சிரிக்காத கட்சிக்காரர், பிடிவாதக்காரர். 2001க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவராகக் காடு, நிலம், தண்ணீர் என்று மலை ஏறி இறங்கினார். அதே பிடிவாதம் "சமரசம் செய்யாதவர்" ஆனது. 2006இல் கட்சி சீட்டு கொடுக்கத் தயங்கியபோது ஜனங்களே தெருவில் இறங்கினார்கள். முதல்வரான பிறகு மூணாறு நில ஆக்கிரமிப்பை அகற்றும் வேலை 2007இல் தொடங்கி பாதியில் நின்றது. நிறுத்தியது யார்? கட்சி, கூட்டணி. தொடங்கியது யார்? வி.எஸ். ஐந்து வருடம் முதல்வர் நாற்காலியில் இருந்துகொண்டே எதிர்க்கட்சித் தலைவருக்குரிய அன்பை அவர் பெற்றார். கட்சி அவருக்குத் தடையாக இருந்தது என்பதில் உண்மை நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல்வர் பதவியில் இருப்பவருக்கு "விடவில்லை" என்ற பதிலை எத்தனை தடவை அனுமதிப்பது?

இங்கே அதே கட்சியில் இருந்த கௌரியம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேரளத்தின் நிலச்சீர்திருத்தத்தைச் சட்டமாக்கிய அமைச்சர். 1987இல் அவர்தான் முதல்வர் என்று ஊரெல்லாம் கோஷம் கேட்டது, பதவி நாயனாருக்குப் போனது. 1994இல் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். வி.எஸ்.ஸிடம் கொள்கைப் பிடிப்பாகத் தெரிந்த கண்டிப்பு, அவரிடம் திமிராகப் பேசப்பட்டது. பிடித்தம் என்கிற கவசத்தை ஊர் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுப்பதில்லை. பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டுமானால் அம்மாவாகவோ டீச்சராகவோ இருக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்று எனக்குச் சொல்லத் தயக்கமில்லை.

நாயனார் பற்றி ஒரு வரி. மூன்று முறை முதல்வராக இருந்தவர், அவர் பேசினால் கூட்டம் சிரிக்கும். பாலியல் வன்முறை அமெரிக்காவில் சர்வசாதாரணம் என்கிற தொனியில் அவர் ஒருமுறை பேசியது வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் பதவியைப் பறித்திருக்கும். அவர் சொன்னதால் "நாயனார் அப்படித்தான்" என்று முடிந்தது.

இந்தக் கவசம் உடையவே உடையாதா? உடையும். அமெரிக்க அதிபர் ரீகனுக்கு எந்தக் குற்றமும் ஒட்டாது என்று 1983இலேயே அவருடைய எதிர்க்கட்சிக்காரர் பாட்ரிசியா ஷ்ரோடர் புலம்பினார். ஆனால் அதே வருடத் தொடக்கத்தில், வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது, ரீகனின் செயல்பாட்டை ஏற்றவர்கள் 35 சதவீதம்தான். ஆளைப் பிடித்திருந்தாலும் வேலை போனவர் மன்னிக்கவில்லை. பொருளாதாரம் எழுந்ததும் 1984இல் 49 மாநிலங்களில் ஜெயித்தார். 1986 இறுதியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது வெளியானதும், ஒரே மாதத்தில் ஆதரவு 67லிருந்து 46 ஆகச் சரிந்தது. அவரை மக்களுக்குப் பிடித்ததே மனசில் பட்டதைச் சொல்கிறவர் என்பதால். அந்தக் குணத்தையே அந்த விவகாரம் தொட்டுவிட்டது.

ஆந்திரத்தில் என்.டி.ராமாராவ் வேறு விதமாகத் தோற்றார். 1989 தொடக்கத்தில் பட்ஜெட் கசிந்தது என்று அமைச்சரவை மொத்தத்தையும் நீக்கினார். பழியைச் சுற்றி இருப்பவர்கள் மேல் போடுவது எல்லாத் தலைவருக்கும் நடப்பதுதான், அவர் ஒரே நாளில் அத்தனை பேர் மேலும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு குறை சொல்ல அவரைத் தவிர யார் மிச்சம்? அந்த வருடத் தேர்தலில் ஆட்சி போனது, தான் நின்ற இரண்டு தொகுதிகளில் ஒன்றான கல்வகுர்த்தியிலும் தோற்றார்.

இனி எங்கள் தாலுகாவுக்கே வருகிறேன். பிளாச்சிமடையில் கோக்க கோலா ஆலை 2000இல் வந்தது, கிணறுகள் கெட்டன, மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் முன்னின்று போராடினார்கள், 2004இல் ஆலை நின்றது. போராட்டப் பந்தலுக்கு வராத பெரிய தலைவர் இல்லை. நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் கணக்கிட்டது. 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது, டெல்லியில் ஒப்புதல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கூட்டணியும் மாறி மாறி ஆண்டன. எந்தத் தலைவர் வந்தார், யார் பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பாசமாகச் சொல்வார்கள். மசோதா திரும்பி வந்த பிறகு மாநிலமே செய்யக்கூடிய வேறு வழியை எந்த முதல்வர், எந்த வருடம் எடுத்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வந்துபோனதன் பாசம் கேட்க வேண்டியதை மூடிவிட்டது. அந்தப் பெண்களின் கிணற்றுக்கு ஆன நஷ்டத்துக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, மாற்ற வழி உண்டா என்பது. பிடித்தத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். "அவர் நல்லவரே இல்லை" என்று தொடங்கினால் கேட்கிறவர் தன் கண்ணையும் தன் அனுபவத்தையும் நீங்கள் பொய் என்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே துக்க வீட்டுக்கு வந்தவர் அவர், நீங்கள் யார்? "நல்ல மனுஷர், ஒத்துக்கறேன்" என்று மனதாரச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். அப்புறம் ஒரே ஒரு முடிவை எடுங்கள். எந்தத் தேதியில் எந்த உத்தரவு, அந்த இலாகா யாரிடம் இருந்தது, கையெழுத்து யாருடையது. போலீஸ் இலாகா முதல்வரிடமே இருந்த காலத்தில், காவல் நிலையத்தில் நடந்ததற்கு "அவருக்குத் தெரியாது" என்பது பதிலே ஆகாது என்பதை அப்போது கேட்கிறவரே சொல்வார். இப்படிப் பேசி நான் நண்பர்களை இழந்ததில்லை. குணத்தைத் தாக்கிப் பேசியவர்கள் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன இடத்தில் பழகுங்கள். பஞ்சாயத்து மெம்பர்தான் நமக்கு மிகவும் பிடித்த, மிகவும் பழகிய அரசியல்வாதி. அதனாலேயே அவரைக் கேட்பதுதான் கஷ்டம். கேரளச் சட்டப்படி வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வர வேண்டும். எங்கள் பக்கம் பல கிராம சபைகளில் கேள்வியே எழுவதில்லை, எழுப்பினால் மெம்பர் மனசு நோகும் என்று. மலையாளத்தில் பேச வராது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. தமிழிலேயே கேளுங்கள். நம் தாலுகாவில் அது புரியாத மெம்பர் இல்லை. "போன கூட்டத்தில் ஒத்துக்கொண்ட குடிநீர் பைப் வேலை என்ன ஆச்சுங்க, எஸ்டிமேட் எவ்வளவு, பாக்கி எவ்வளவு" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு படித்துக் காட்டவும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து அதிலிருந்தே தொடங்குங்கள்.